இன்னும் ஒரே ஒரு டெமோ

“இன்னைக்கு எப்படியும் ஒரு முடிவுக்கு வந்துடணும் அண்ணா” என்றபடி கம்ப்யூட்டர் கடையின் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள் பொம்மைக்காரி. பணத்தைக் கையோடு கொண்டுவந்தவளின் களை முகத்தில் இருந்தது.

“அவசரமே இல்ல மேடம். மெஷின் எங்க ஓடிடப் போகுது?” கடைக்காரர் லேபிள் பிரிண்டரின் மேலிருந்த துணியை விலக்கினார். போன வாரமெல்லாம் சொல்லிச் சொல்லி, இந்த வசனம் இருவருக்குமே மனப்பாடம் ஆகியிருந்தது.

“நீளமான பேரா இருந்தா வெட்டிடுமான்னு பாக்கணும். ஒரு அட்ரஸ் உங்க போனுக்கு அனுப்பியிருக்கேன், அடிங்க.”

இங்க் கிடையாது, சூட்டிலேயே அச்சடிக்கும் இயந்திரம். வெதுவெதுப்பாக ஒரு ஸ்டிக்கரை நாக்குப்போல் வெளியே நீட்டியது.

“வெட்டல. சரி, ‘மாடி வீடு, பின்பக்க வாசல், மணி அடிக்க வேண்டாம்’னு எல்லாம் போட்டா தாங்குமா?” தாங்கியது. “பின்கோடு பளிச்சுனு விழுமா?” விழுந்தது. விழுந்ததையெல்லாம், “வீட்டுல போய் நிதானமா பாக்கறேன்” என்று கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

நிதானமாவது, பார்ப்பதாவது! அத்தனையும் அன்றைய ஆர்டர்கள். வீட்டுக்குப் போன கையோடு துணிப் பொம்மை பார்சல்களின் மேல் ஒட்டிவிட்டு, கூரியர் வண்டிக்காக வாசலில் நின்றுவிடுவாள்.

முன்பெல்லாம் முகவரிகளைக் கையால்தான் எழுதினாள். அது எழுத்தல்ல, கோழி கிளறிய குப்பை. ஒரு யானை தெரு மாறிப் போய், அழுகிற குழந்தையின் படத்தோடு ஆன்லைனில் ஒற்றை நட்சத்திர ரேட்டிங் வந்தது. அதுபோல் இன்னொன்று வந்தால், யானை முயல் எல்லாவற்றையும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

“ஒரு பிரிண்டர் வாங்கித் தரேனே” என்று அவள் வீட்டுக்காரர் கெஞ்சிப் பார்த்தார். நடக்குமா? கல்யாண நாளுக்கு அவர் ஆசையாக வாங்கி வந்த கைக்கடிகாரத்தை, முள் ஒரு சுற்று முடிப்பதற்குள் கடையில் திருப்பிக் கொடுத்தவள் அவள். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவள் என்று நாத்தனார் சொல்வது அபாண்டம். ஓட்டுவாள், கையை நன்றாக நக்கிவிட்டு.

ஆகவே, இந்த டெமோ வைத்தியம். “ஏங்க, அந்தக் கடைக்காரர் மாதிரி ஒரு அப்பாவிய நான் பாத்ததே இல்ல” என்று தினமும் இரவுச் சாப்பாட்டில் பெருமையடிப்பாள். “உன்னை அடிச்சுக்க ஆளே கிடையாது” என்று அவரும் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைவார்.

அப்பாவிதான், சந்தேகமென்ன. நேற்றுக்கூட, செல்போன் உறை விற்கிற ஒருவர் இந்த பிரிண்டரைத் தொடப்போனபோது கடைக்காரர் குறுக்கே பாய்ந்தார். “அது வேணாம் சார், உங்களுக்கு வேற ஒண்ணு பிரிச்சுக் காட்டறேன்.” மீன் மாட்டும் என்று தனக்காகவே ஒதுக்கி வைத்திருக்கிறாரே என அவளுக்கு ஒரு துளி இரக்கம்கூட வந்தது. துளிதான்.

இப்போது அந்த உறைக்காரர் மறுபடியும் உள்ளே நுழைந்தார்.

“அண்ணே, நேத்து காட்டினது மேஜைய அடைக்கும். எனக்கு இந்தச் சின்னதுதான் சரி. பேக் பண்ணுங்க.”

“அந்த மாடல் ஸ்டாக் இல்லயே சார்.”

“டெமோ பீஸே போதும். கையோட தூக்கிட்டுப் போறேன்.”

பொம்மைக்காரி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். பையில் இருப்பது மூன்றே ஸ்டிக்கர். வீட்டில் பொம்மைகள் முகவரி இல்லாத அநாதைகளாகக் குவிந்து கிடக்கின்றன.

“அதெப்படி? நான்தான் இத முதல்லேருந்து பாத்துட்டிருக்கேன்!”

“தாராளமா பாத்துட்டே இருங்கம்மா. நான் வாங்கிக்கறேன்.”

அவள் பிரிண்டரை இரண்டு கையாலும் பிள்ளையைப் போல அணைத்துக்கொண்டாள். “அண்ணா, நானே வாங்கறேன்! இப்பவே! எவ்வளவா இருந்தாலும் சரி!”

எவ்வளவா இருந்தாலும் சரி! சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகமாகிவிட்டது. கைப்பையின் உள்ஜிப், திறந்து பழக்கமில்லாததால் முரண்டு பிடித்தது. இழுத்த இழுப்பில் ஜிப் கையோடு வந்தது. மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவுக்கு ஆகியிருந்த நோட்டுகளை மேஜை மேல் வைத்தாள்.

கடைக்காரர் அவற்றைத் தொடவில்லை. “காச உள்ள வைங்க மேடம். மன்னிச்சுக்கங்க சார், இது ஏற்கெனவே வித்துப்போச்சு.”

“இத முதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?” என்று முணுமுணுத்தபடி உறைக்காரர் படியிறங்கினார்.

பொம்மைக்காரிக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஓசியில் ஓட்டிய காலம் போய், காசு கொடுத்தாலும் கிடைக்காத காலம் வந்துவிட்டதே!

“எப்பண்ணா வித்தீங்க?”

“நீங்க இங்க வர ஆரம்பிச்ச ரெண்டாம் நாளே.” கடைக்காரர் குனிந்து, மேஜைக்கு அடியிலிருந்து ஒரு காலி அட்டைப்பெட்டியை எடுத்தார்.

“யாருக்கு?”

“உங்க வீட்டுக்காரருக்குத்தான் மேடம்! ஓசின்னு நெனச்சாதான் நீங்க மனசார அடிப்பீங்கன்னு இங்கயே வெச்சுட்டுப் போனார்.”