ரெஜினா சொன்ன பிறகுதான்

எங்கள் பாட்டுகளுக்கு நான் போடும் பீட் ஒவ்வொன்றும் என் மனைவி ரெஜினாவின் குரலில்தான் தொடங்கும்: "காசிமேடு, காது குடு." அதைக் கேட்ட பிறகுதான் ஜோயல் ராப் பாட ஆரம்பிப்பான்.

இறந்தவர் குரலை எந்தக் கருவியும் வைத்திருக்கக் கூடாது என்பது இப்போது சட்டம்; இறப்பு பதிவானதுமே குரல் தானாக அழிந்துவிடும். அதனால் அவள் இறப்பை நான் பதியவே இல்லை. ரேஷன் கார்டில் பெயரை நீக்கப் போன மாமனார், நேற்று அவள் இறப்பையும் சேர்த்துப் பதிந்துவிட்டு வந்தார்.

இன்று புதுப் பீட்டை ஓடவிட்டேன். முதலில் வெறும் அமைதி. பிறகு டிரம்ஸ் அதிர்ந்தது. குரல் அழிந்தது தெரியாத ஜோயல், மைக் முன்னால் கண்ணை மூடியபடியே நின்றான்.

"பாட்றா," என்றேன்.

"அண்ணி இன்னும் சொல்லலியேண்ணா."

பீட்டை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டேன். நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.