கோயிலடி விரால்

"அக்கா, கோயில் பக்கம் மட்டும் தூண்டில்ல ஜிக் போடாதீங்க. ரப்பர் புழுவே போடுங்க."

படகைத் தண்ணீருக்குள் தள்ளப்போன கிருஷாந்தி நிமிர்ந்து ஜெனுஷனை முறைத்தாள். போட்டிக்கு வந்தவன் போட்டிக்காரிக்கே யோசனை சொல்கிறானாம்.

"ஏன், போட்டா என்னாவாம்?"

"இல்லக்கா, அது என்னான்னா..."

"உங்க யோசனைய நீங்களே வச்சுக்கங்க தம்பி. எது போடணும்னு எனக்குத் தெரியும்."

ஜெனுஷன் தன் படகில் ஏறினான். விடுதி மெனேஜர் கரையிலிருந்து கையசைத்தார். இரண்டு படகும் கிளம்பின.

நீர்த்தேக்கத்து ஓரத்தில் இருக்கிற அந்த விடுதிக்கு, சுற்றுலாக்காரர்களை மீன் பிடிக்கக் கூட்டிப்போக நிரந்தரமாக ஓர் ஆள் வேண்டும். இதுவரை கூப்பிட்ட நாளில் மட்டும் துடுப்புப் போட்டவர்கள் இவர்கள் இரண்டு பேர். "மத்தியானத்துக்குள்ள யாரு பெரிய விரால் கொண்டு வாறீங்களோ, அவங்களுக்குத்தான் வேலை" என்று மெனேஜர் சொல்லிவிட்டார். இரண்டு பேர் கையிலும் ஒரே மாதிரித் தூண்டில், ஒரே மாதிரிப் பெட்டி.

கிருஷாந்திக்கு இது தோற்கிற விஷயமே இல்லை. தோற்றால் அடுத்த மாதம் குவைத்தில் வீட்டு வேலை. ஏஜென்சிக்காரன் எல்லாம் தயார் பண்ணி வைத்திருந்தான். நாலு வயது மகள் சுலக்ஷனாவை யார் கையிலாவது பிடித்துக் கொடுத்துவிட்டு விமானம் ஏற வேண்டும்.

ஜெனுஷனுக்கு மட்டும் என்ன, கொழும்புக் கடையில் பாத்திரம் கழுவத் திரும்பிப் போக ஆசையா? அதற்குத்தான் காலையிலேயே குழப்பிவிடப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

நீர்த்தேக்கத்தின் நடுவே, தண்ணீருக்கு மேலே கோபுரத்தின் நுனி மட்டும் தெரிந்தது. அணை கட்டியபோது முழுகிப்போன மாரியம்மன் கோயில். தண்ணீர் வற்றுகிற பங்குனியில் மட்டும் வெளியே வரும், அப்போது தேயிலைத் தோட்டத்து லயத்துச் சனமெல்லாம் போய்ப் பொங்கல் வைக்கும். மற்ற மாதங்களில் அந்தத் தூண்களுக்கு நடுவே குடியிருப்பது விரால்தான். பெரிய விரால் வேண்டுமென்றால் அங்கேதான் போயாக வேண்டும்.

இரண்டு பேரும் அங்கேதான் போனார்கள்.

காற்று ஆளைத் தூக்கியது. ஜெனுஷன் ரப்பர் புழுவை வீசினான். கனமில்லாத சாமான், காற்று அதைத் தூணுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டது. மறுபடியும் வீசினான். ஒரு விரால் எட்டிக் கவ்வியது, கவ்விய வேகத்தில் துப்பிவிட்டுப் போனது. ரப்பருக்குள் தூண்டில் முள்ளை மறைத்து வைத்தால் எதிலும் மாட்டாது, சரி. மீன் வாயிலும் பாதி நேரம் மாட்டாதே.

'ஜிக்க எடுத்துப் போட வேண்டியதுதானே? மடையனா இவன்?'

கிருஷாந்தி ஜிக்கை எடுத்துக் கட்டினாள். ஈயத் தலை, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முள். காற்றாவது ஒன்றாவது, போட்ட இடத்தில் நேரே இறங்கியது.

இறங்கிக் கல்லில் மாட்டியது. இழுத்தாள், வரவில்லை. இன்னும் வேகமாக இழுத்ததில் தங்கூசி நூல் அறுந்தது.

வேறொன்று கட்டினாள். அதுவும் கல் இடுக்கில் போய்ச் சிக்கி அறுந்தது. ஜெனுஷன் இந்தப் பக்கம் திரும்பி என்னமோ சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பையனுக்கு எங்கள் கோயிலடி மீனைப் பற்றி என்ன தெரியும்?

வெயில் உச்சிக்கு வந்தது. ஜெனுஷனுடைய படகில் ஒரு விரால் துள்ளியது. அப்படியொன்றும் பெரியதில்லை, ஆனாலும் விரால். அவளிடம் அதுகூட இல்லை. பெட்டியில் பார்த்தால் ஒரே ஒரு ஜிக் மிச்சம்.

"தாயே, எம்பிள்ளைய விட்டுட்டுப் போக வச்சிராத."

கோபுரத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, இரண்டு தூணுக்கு நடுவே இறக்கினாள்.

தூண்டில் வளைந்தது. கல் என்றுதான் நினைத்தாள், அந்தக் கல் நகர்ந்தது. படகே ஒரு பக்கம் சாய்ந்தது. விரால் தூணைச் சுற்றப் பார்த்தது, சுற்றிவிட்டால் நூல் அவ்வளவுதான். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். உள்ளங்கை கன்றிப்போனது, விடவில்லை. கடைசியில் அவள் முழங்கை நீளத்துக்கும் பெரிய விரால் ஒன்று படகுக்குள் வந்து விழுந்தது. கிருஷாந்தி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.

கரையில் மெனேஜர் இரண்டு மீனையும் தூக்கிப் பார்த்தார். அளந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

"கிருஷாந்தி, திங்கக்கிழமையில இருந்து வாங்க."

ஜெனுஷன் படகைக் கரையேற்றிக்கொண்டிருந்தான். வெற்றி தந்த தைரியத்தில் அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"என்னைய ஏமாத்தப் பாத்தீங்களே தம்பி, கடைசியில என்னாச்சு? நீங்க ஜிக் போட்டிருந்தா நீங்கதான் ஜெயிச்சிருப்பீங்க. பெட்டியில இருந்திச்சுதானே?"

"இருந்திச்சுக்கா."

"பிறகு ஏன் போடல?"

ஜெனுஷன் கோபுர நுனியைப் பார்த்தபடி மெல்லச் சொன்னான்:

"நூல் அறுந்தா முள்ளு அந்தக் கல் இடுக்குலயே கிடக்கும்க்கா. பங்குனியில தண்ணி வத்துனதும், நீங்க எல்லாரும் புள்ளைகளையும் கூட்டிக்கிட்டு வெறுங்காலோடதானே அங்க நடப்பீங்க?"