பெய்ஷானை நோக்கி ஓர் அம்பு

சின்ச்சூ நகர அலுவலகத்தில் பெய்ஷானுக்கு அம்புக்குறி போடுவதே பிழைப்பாகிவிட்டது. கணினிக்குள் எந்த நிரல் எதைப் படிக்கலாம், எதில் எழுதலாம் என்ற அனுமதிகளை அவள் படமாக்க வேண்டும். படித்தால் தகவல் உள்ளே வரும். எழுதினால் வெளியே போகும். பூட்டிய பெட்டகத்திலிருந்து அனுமதி இல்லாதவரிடம், எத்தனை கை மாறியும், அது போய்ச் சேரக் கூடாது. படத்தை நாளைக்கு ஒப்படைக்க வேண்டும்.

இன்று பெட்டகத்திலிருந்து வெளியே அப்படி ஒரு வழி தெரிந்தது. நடுவில், அவளோடு வேலை பார்த்த சுங்ஹானின் கணக்கு. அவன் வசந்தத்தில் இறந்துபோனான்; கணக்கை அன்றே நீக்கியிருந்தார்கள். அவள் மறுபடி நீக்கிவிட்டு வரைந்தாள். வழி அப்படியே இருந்தது. இப்போது அதன் முனையில் அவள் பெயர்.

"லியாவ் அண்ணே, சுங்ஹான் திரும்ப வந்திருக்கான்."

"செத்தவனே வேலைக்கு வந்துட்டான், நீ என்னன்னா எப்பப் பாரு லீவு கேக்குற!" மேலாளர் லியாவ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சர்வர் மேல இருக்கிற பச்சைப் பை காலாவதி ஆயிருக்கும். புதுசு வை, மெஷின் சொன்ன பேச்சு கேக்கும்."

சர்வர் படுத்தாமல் ஓட அதன் மேல் பச்சைப் பையில் தின்பண்டம் வைப்பது அந்த ஊர் வழக்கம். அந்தத் தேங்காய்ப் பொரிப் பை சுங்ஹான் வைத்த இடத்திலேயே சாய்ந்திருந்தது. மெஷினுக்கு வைத்ததை யாரும் தின்பதில்லை. ஆனாலும் அவன் வேடிக்கையாக அதன் மேல் எழுதியிருந்தான்: 'பெய்ஷானுக்கு அனுமதி இல்லை.'

காலாவதியாக இன்னும் நாள் இருந்தது. ஒட்டு பிரியவில்லை. எடுத்துப் பார்த்தாள், உள்ளே ஒரு பொரிகூட இல்லை, வெறும் காற்று.

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத அவள் நாக்கில் தேங்காய் இனித்தது.