பூட்டிப் போட்ட சாமை

"நாலே நாலு படிக்கா. மூட்டயப் பிரிச்சி எடுத்துக்கினு திரும்பத் தச்சி வச்சிடறேன். எவனுக்குத் தெரியப் போவுது?"

குடோன் வாசல்ல நின்னு கெஞ்சிக்கினு இருந்தான் இருசப்பன். கதவ மறிச்சி ஒக்காந்திருந்தது வேற யாரும் இல்ல, அவனோட சொந்த அக்கா ரங்கம்மா. இடுப்புல சாவி.

"முடியாது."

"உள்ள கீறது என் மூட்டக்கா!"

"உன்னுதா இருந்துச்சி. இப்ப இல்ல."

லோடு ஏத்த கள்ளக்குறிச்சியிலேர்ந்து மலைக்கு குட்டியானை வண்டி ஓட்டிக்கினு வந்த பிச்சைமுத்து, ஸ்டியரிங் மேல தாடைய வச்சிக்கினு பாத்துக்கினு இருந்தான். எங்க சண்ட நடந்தாலும் அவனுக்கு டிக்கெட் எடுக்காத சினிமா.

இருசப்பன் பொண்டாட்டி ஜெயம்மா மூக்கச் சிந்திக்கினே வண்டிகிட்ட வந்தா.

"நீயே ஞாயத்தச் சொல்லு தம்பி. மழ வந்துடுச்சி, ஊரே வெதைக்க ஓடுது. எங்க வூட்ல ஒரு மணி வெத இல்ல. வெல ஜாஸ்தியாக் கீதுன்னு, வெதைக்கு வச்சிருந்ததையும் சேத்து உள்ள போட்டுட்டாரு இந்தப் பெரிய மனுசன். யாரக் கேட்டாலும் அவங்கவங்க கொல்லைக்குத் தான் அளந்து வச்சிக்கிறாங்க. நாளைக்குள்ள வெதைக்கலன்னா ஈரம் காஞ்சிடும். இந்த வருசம் தரிசு தான். நாங்க வெளய வச்சதுல நாங்க நாலு படி எடுத்தா இன்னா தப்பு?"

"அது டோக்கனாப் போயிடுச்சி யக்கா."

"அந்த எழவு தான் எனக்குப் புரியவே இல்ல."

பிச்சைமுத்துக்கு இது போதாதா? குதிச்சி எறங்கி லுங்கிய மடிச்சிக் கட்டினான்.

"மலை மேல உங்க வெவசாயிங்க சங்கத்துக்கு ஒரு பிளாக்செயின். கீழ யாவாரிங்களுக்கு வேற பிளாக்செயின். ஊரே சேந்து எழுதற கணக்கு அது, ஒருத்தன் மட்டும் போய் மாத்த முடியாது. ஆனா இந்த ரெண்டும் கல்யாணத்துல சண்ட போட்டுக்கின சம்பந்திங்க மாதிரி. இது இப்படித் திரும்பிக்கும், அது அப்படித் திரும்பிக்கும்." ரெண்டு மொறப்பையும் மூஞ்சிய வெட்டி வெட்டிக் காட்டினான். "நடுவுல சேதி சொல்ல ஒரு பாலம் வோணும் இல்ல? அது தான் உங்க நாத்தனா."

"அவளா?"

"ஆமா. மூட்டய உள்ள பூட்டிட்டு போன்ல ஒரு அழுத்து. உடனே போன்ல ஒரு பொம்பள பேசுவா." மூக்கால இழுத்தான். "'மேலே மூட்டை பூட்டப்பட்டது. கீழே டோக்கன் பிறந்தது.' அந்த டோக்கன அண்ணன்கிட்டேர்ந்து ஒருத்தன் வாங்கி இன்னொருத்தனுக்கு விப்பான். சாம இங்கயே தூங்கும், அதும் பேரு மட்டும் மெட்ராஸ் வரைக்கும் சுத்தும். கடைசியா வாங்குனவன் அங்க டோக்கன எரிச்சாத் தான் இங்க கதவு தொறக்கும். எரிக்கறதுன்னா நெருப்பு வைக்கறதில்ல, இனிமே செல்லாதுன்னு முடிச்சிடறது. அப்படி முடிஞ்ச மூட்டயத் தான் நான் ஏத்திக்கினு போறேன்."

"அப்ப எங்குளுதையும் முடிக்கச் சொல்லு!"

"அது எந்த ஊர்ல எவன் போன்ல கீதோ, யாரப் போய்க் கேக்கறது?"

அங்க இருசப்பன் கடைசியா ஒரு தடவ கேட்டுப் பாத்தான்.

"நாலு படில இன்னாக்கா கொறஞ்சிடும்?"

"கீழ சுத்தற டோக்கன் பொய்யாப் போயிடும்டா. இன்னிக்கு நீ நாலு படி எடுப்ப, நாளைக்கு இன்னொருத்தன் எட்டு எடுப்பான். அப்பறம் கண்ணால பாக்காம எவன் நம்ம சாமய நம்பி வாங்குவான்? மறுபடியும் ஊரே புரோக்கர் சொல்ற வெலைக்குத் தள்ளணும்."

"அப்ப கூடப் பொறந்தவன் கொல்ல தரிசாக் கெடந்தாப் பரவால்ல?"

ரங்கம்மா தலையக் குனிஞ்சிக்கினு சொன்னா. "சாவி தர மாட்டேன்."

"இனிமே உன் வூட்டு வாசல மிதிச்சா ஏன்னு கேளு!" துண்ட ஒதறிக்கினு போனான் இருசப்பன்.

"போனுக்கு வாக்கப்பட்டவ!" ஜெயம்மாவும் பின்னாலயே போனா.

சாயங்காலம் கச்சிராயபாளையம் டீக்கடைல பிச்சைமுத்து இத அப்படியே நடிச்சிக் காட்டினான். தலையக் குனிஞ்சி, கொரல மாத்தி, "சாவி தர மாட்டேன்." கடையே சிரிச்சிது.

"பாலம்னா அது தான்யா பாலம். சுத்தக் கருங்கல்லு! தம்பி அழுதாக்கூட அசையல."

மறுநாள் காலையில அடுத்த லோடுக்கு ஏறுனவன், இருசப்பன் கொல்லைகிட்ட பிரேக் போட்டான்.

புருசன் வெதச்சிக்கினு இருந்தான். பொண்டாட்டி பின்னாலயே மண்ணக் கெளறி மூடிக்கினு வந்தா.

"அடி சக்க! இன்னாண்ணா, டோக்கன எரிச்சிட்டானா?"

"இல்லப்பா."

"அப்ப அக்கா கதவத் தொறந்துடுச்சி! பகல்ல ஞாயம், ராத்திரில பாசம். நான் அப்பவே நெனச்சேன்!"

"வாயக் கழுவுடா." இருசப்பன் வெதைக்கறத நிறுத்தினான். "பொழுது விடிஞ்சப்ப வாசல்ல ஒரு பை வெத இருந்துச்சி. எனக்கும் அதே சந்தேகம் தான். ஓடிப் போய் குடோன் ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன். ஒரு மூட்டயில கூட தையல் பிரியல."

"அப்ப இது யாரு வூட்டு வெத?"

இருசப்பன் ஓடைக்கு அந்தாண்ட கையக் காட்டினான்.

அங்க சுத்தி எல்லாக் கொல்லையிலயும் வெதப்பு நடந்துக்கினு இருந்துச்சி. ரங்கம்மா கொல்ல மட்டும், உழுதது உழுதபடியே, ஆளில்லாம ஈரம் காஞ்சிக்கினு கெடந்துச்சி.