பின்னாடி ஒரு வெளிச்சம்

"வண்டி நல்லதா இருந்தா போதும், கடை எதுவா இருந்தா என்னங்கிறியா? நல்லா இருக்குடி ஈலிஷ் உன் பேச்சு! இந்த மேன் தீவுல பொறந்துட்டா இப்படிப் பேசறே? காத்து அடிச்சா கப்பல் வராது. கப்பல் வரலைன்னா சாமான் வராது. ஒரு கிளட்ச் கேபிளுக்காக வோரி தன் மோட்டார் சைக்கிளை எத்தனை நாள் கோழிக்கூண்டு பக்கத்துல நிறுத்தி வச்சிருந்தா தெரியுமா? சீட்டு மேல கோழி அடைகாக்கவே ஆரம்பிச்சிடுச்சு. அந்தக் குஞ்சுல ஒண்ணு இன்னும் எங்க வீட்டுல... சரி, அது வேற கதை."

"எந்த வோரி, அத்தை?"

"நம்ம ராம்ஸிக்காரிதான். மலை தாண்டி டக்ளஸுக்குப் போய், முடியாத கெழங்களைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டிட்டு வருவாளே, அவ."

அந்தப் பழைய வண்டி அவ டக்ளஸ்ல கண்ணாடிச் செவுரு வச்ச பெரிய ஷோரூம்ல வாங்கினது. காபி குடுத்தாங்க, சோபா போட்டாங்க, மூணு வருஷம் வாரண்டின்னாங்க. ஒரு மத்தியானம் மூடுபனியில மலை உச்சியில நின்னு போச்சு. கடைக்குப் போன் போட்டா, எடுக்கல. பக்கத்துல உரசிக்கிட்டு ஒரு லாரி போச்சு பாரு, வோரிக்கு உசுரு போய் உசுரு வந்துச்சு. இனி மலையில நின்னு போற வண்டியில ஏறினா நான் மனுஷியே இல்லைன்னுட்டா.

அப்புறம்தான் ராம்ஸியில கோர்லெட் கடைக்குப் போனா.

"அங்கேயா போறே?" அவ அண்ணி தலையில அடிச்சுக்கிட்டா. "அந்தாள் விக்கிற வண்டிக்குப் பின்னாடி என்னமோ வருதாம்டி! பனி இறங்கினா ஒத்தை வெளிச்சம் தொடர்ந்து வருமாம். முந்தவும் முந்தாதாம், விட்டும் போகாதாம்."

"அண்ணி, அவர் கடையில கேபிள் இருக்கு. பேய் இருந்தா இருந்துட்டுப் போகுது."

கோர்லெட் கடையில காபி கிடையாது. பூனை துரத்துமே, அந்த நீளவால்தான் ஓடும். அது பேரை வாயால சொல்ல வைக்காதே என்னை. ஆனா செவுரு முழுக்க உதிரி சாமான்தான். மனுஷன் சிரிக்கவே மாட்டார். வண்டி பேரைச் சொல்றதுக்கு முன்னாடி கேள்வியா கேட்டார்.

"எந்தெந்த நாள் மலை ஏறுவே?"

சொன்னா.

"எப்போ திரும்புவே? கூட யாராவது வருவாங்களா? தனியாவா?"

வோரிக்குச் சுருக்குன்னுச்சு. ஒரு பொம்பளைகிட்ட கேக்கற கேள்வியா இது? ஆனாலும் செவுத்துல இருந்த சாமானைப் பார்த்துட்டு வண்டியை வாங்கிட்டா.

அந்த வாரமே பனி இறங்கிச்சு. வெள்ளைத் துணியை மூஞ்சியில போட்டு மூடின மாதிரி. பாதி மலை ஏறியிருப்பா, கண்ணாடியில பார்த்தா பின்னாடி ஒரு வெளிச்சம்.

மெதுவாப் போனா. அதுவும் மெதுவா வந்துச்சு.

முறுக்கினா. அதுவும் முறுக்கிச்சு.

நின்னே போனா. அதுவும் நின்னுச்சு. ஒரு சத்தம் இல்ல. பனிக்குள்ள சும்மா பார்த்துக்கிட்டே நின்னுச்சு.

நம்ம தீவுல கண்ணுல படாம இருக்கற தேவதைங்க, அந்தக் குட்டி மனுஷங்களுக்கு நாம எங்கே வணக்கம் சொல்வோம்? அவங்க பாலத்தைத் தாண்டும்போதுதானே? பாவம், அவ பயத்துல மலையிலேயே சொன்னா. "வணக்கம் சாமிகளா, வணக்கம் சாமிகளா, நான் ஒண்ணும் பண்ணலை!" தொண்டை கிழியற அளவுக்குக் கத்தினா. சிரிப்பை அடக்கறது பெரும்பாடாப் போச்சு.

"யாருக்கு அத்தை?"

"குறுக்கே பேசாதேடி."

மறுநாள் வண்டியைக் கோர்லெட் வாசல்ல கொண்டு போய் நிறுத்தினா. "திருப்பி எடுத்துக்கோங்க!"

"நின்னு போச்சா?"

"இல்ல."

"எண்ணெய் ஒழுகுதா?"

"இல்லங்க. பின்னாடி ஒரு வெளிச்சம் வருது!"

மனுஷன் தலையே தூக்கல. "அது வண்டியோட வர்றது. தனியாக் காசு கிடையாது."

வோரி வந்த வேகத்துலயே வண்டியைத் திருப்பிக்கிட்டுக் கிளம்பிட்டா. ஊரெல்லாம் சொன்னா. அந்த மாசம் கோர்லெட் கடைப் பக்கம் ஒரு ஈ எட்டிப் பார்க்கலை. அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லணுமே! ம்ஹூம்.

திரும்பவும் ஒரு பனி நாள். வேலைக்குப் போகாம முடியுமா? போனா. வெளிச்சமும் வந்துச்சு. ஒரு வளைவுல நம்ம தீவு நாலு கொம்பு ஆடு ஒண்ணு குறுக்கே பாய, வண்டி ஒரு பக்கம், வோரி ஒரு பக்கம். நடு ரோட்டுல மல்லாக்கக் கிடக்கறா, எழுந்திருக்க முடியலை. பின்னாடி வேன் ஒண்ணு வர்ற சத்தம் கேக்குது.

அப்போ அந்த வெளிச்சம் வந்து நடுவுல நின்னுச்சுடி. வேனுக்கும் அவளுக்கும் நடுவுல. திரும்பி வேனைப் பார்த்து, அசையாம.

வேன் கிறீச்னு நின்னுச்சு. டிரைவர் ஓடி வந்து வோரியைத் தூக்கினார். அவ திரும்பிப் பார்த்தா, வெளிச்சத்தைக் காணோம். வெறும் பனி.

"அப்போ கோர்லெட்தான் பின்னாடியே போயிருக்கார்!" ஈலிஷ் துள்ளினாள்.

"அந்தாளா? மோட்டார் சைக்கிள் பந்தயத்துல ஒரு காலைக் குடுத்துட்டு வந்தவர். வண்டியில ஏறி எத்தனையோ வருஷமாச்சு."

"அப்போ நிஜமாவே பேயா?"

அத்தை பதில் சொல்றதுக்குள்ள போன் அடிச்சது.

"சொல்லு கோர்லெட்... புதுசா வாங்கின பையனா? கிளம்பிட்டானா? ஆமா, ஜன்னல்ல பார்த்தேன், பனியில மலையே தெரியலை... சரி, நான் பார்த்துக்கறேன், அவன்கிட்ட மூச்சு விடாதே. 'வண்டி மேல உங்களுக்கே சந்தேகமா'ன்னு கோவிச்சுக்குவான்."

போனை வச்சுட்டு, முட்டியைப் பிடிச்சுக்கிட்டு எழுந்தாள்.

"ஏங்க! வாசல்ல காயப் போட்ட என் ஹெல்மெட்டைக் கொஞ்சம் உள்ள எடுத்துட்டு வாங்க!"