டாக்டர் போட்ட குலவை

சண்முகக்கனி கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு உலகமெங்கும் பிரசவம் பார்ப்பவள். அவள் பேசுவது தமிழ்தான். மொழிபெயர்க்கும் இயந்திரம் அவள் முகத்தையும் குரலையும் மாற்றிவிடும்; எதிர்ப்பக்கத் திரையில் ஒரு வெள்ளைக்கார ஆண் டாக்டர் அவரவர் மொழியில் பேசுவதாகத் தெரியும். கறுத்த பொம்பளை சொன்னால் ஜனங்கள் நம்பமாட்டார்கள் என்பது கம்பெனியின் கணக்கு. ஆறு வருடமாக அவள் குரலை ஒருவரும் கேட்டதில்லை.

அன்று எத்தியோப்பிய மலைக்கிராமம் ஒன்றிலிருந்து அழைப்பு. வலியில் துடித்துக்கொண்டிருந்தாள் ஹிவோத். துணைக்கு அவளுடைய அக்கா மட்டும்.

"தலை தெரியுது. முக்கும்மா, இன்னும் ஒரே ஒரு தடவ!"

"அவளால முடியலங்க, டாக்டர் ஐயா," என்று அக்காவின் பேச்சு தமிழாகி வந்தது.

"முடியும்னு சொல்லு தாயி!"

குழந்தை நழுவி வந்தது. நீலம் பாரித்துக் கிடந்தது, அழவில்லை. சண்முகக்கனி சொல்லச் சொல்ல, அக்கா அதன் முதுகைத் துணியால் அழுத்தித் தேய்த்தாள். ஒரு நிமிடம் கழித்து வீறிட்டது. பெண்.

சண்முகக்கனி தன்னை மறந்து குலவை போட்டுவிட்டாள். குலவையில் சொல் ஏது, இயந்திரம் மாற்றுவதற்கு? அது அவள் குரலிலேயே கடல் தாண்டிப் போய்விட்டது.

அக்கா திடுக்கிட்டுத் திரையைப் பார்த்தாள். வேலை போச்சு என்று சண்முகக்கனி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அங்கிருந்து ஒரு குலவை எழுந்தது. முளைப்பாரி ஊர்வலத்தில் கேட்குமே, அதே குலவை. களைத்துக் கிடந்த ஹிவோத்தும் சேர்ந்துகொண்டாள். சண்முகக்கனி வாயைப் பொத்திய கையை எடுத்தாள்.

ஓய்ந்ததும், திரையிலிருந்த வெள்ளைக்காரரை உற்றுப் பார்த்து அக்கா கேட்டாள்:

"யம்மா, நீ எங்க ஊர்ப் பொண்ணா?"