தனியாகப் பேசுவது

குழந்தைகள் வார்டுச் சுவரில் ஒரு யானை பலூன் ஊதுகிறது. அதன் கீழே என் பேத்தி, பதினைந்து வயசுக்காரி, போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறாள். ஏன் வயிறு வலிக்கிறது என்பதை டாக்டரிடம் மட்டும்தான் சொல்வேன் என்று அடம்பிடித்து வந்தவள். "தாத்தா, கொஞ்சம் வெளிய நில்லுங்க. இந்த வயசுப் பிள்ளைங்ககிட்ட தனியாதான் பேசணும்," என்கிறார் பெரிய டாக்டர். நான் கதவுக்குப் போகிறேன். கட்டிலை ஈயாக மொய்த்திருக்கும் பயிற்சி டாக்டர்களில் ஒருத்தனும் நகரவில்லை. ஒருத்தன் சூயிங்கம் மெல்லுகிறான். "எப்படிக் கேக்கறேன்னு கவனிங்க," என்று அவர்களிடம் சொல்லிவிட்டுப் பெரிய டாக்டர் குனிகிறார். "செல்லக்குட்டி, பாய்ஃபிரண்ட் இருக்கானா?" வார்டு முழுக்கக் கேட்கிறது. திறக்கப்போன வாயை மூடிக்கொள்கிறாள். "பாத்தீங்களா? வாயே திறக்க மாட்டாங்க." எல்லாரும் தலையாட்டி எழுதிக்கொள்கிறார்கள். எனக்குக் காறித் துப்பணும்போல வருகிறது. "வலி போயிடுச்சு, வீட்டுக்குப் போலாம் தாத்தா," என்கிறாள். கை மட்டும் வயிற்றை அழுத்தியபடியே இருக்கிறது.